எங்கள் தெருவின் ஆட்சேபம்

எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, சார். சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அதைப்போலத்தான். இதை ஒரு பெரிய குறையாக நான் நினைத்ததில்லை. ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சமாளித்தேன். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு பஞ்சு தேவைப்படவில்லை. ஆயர் ஈத்தாமில் எங்கள் தெரு அப்படிப்பட்டது. இரண்டு வரிசைத் தரைவீடுகள், நடுவில் ஒரு லோரி மட்டும் போகிற அளவுக்குத் தார்ச்சாலை, தெருக்கோடியில் ஆளுயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு சீனருடைய பழைய பழத்தோட்டம். வழி தெரியாமல் நுழைகிற காடிகள் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

என் மனைவி சந்திரிகா அந்த வீட்டில்தான் காலமானாள். கடைசி மாதங்களில் கரண்டி கீழே விழுந்தால்கூட அவளுக்குத் தலை வெடிக்கும். முன்னறையில் கட்டிலைப் போட்டு, சன்னலைத் திறந்து வைத்திருப்பேன். வெளியே ஒன்றுமே கேட்காது. "இந்தத் தெரு எவ்வளவு நல்லதுங்க" என்று ஒருநாள் சொன்னாள். மறுவாரம் போய்விட்டாள். அதனால் அந்த அமைதியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று எனக்கு ஒரு எண்ணம். இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

பிறகு தோட்டத்தை அழித்து அடுக்குமாடிகள் கட்டினார்கள். அங்கே குடிவந்தவர்கள் பெரிய சாலைக்குப் போக மலையடியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. எங்கள் தெருக்கோடிச் சுவரை இடித்தால் அந்தச் சுற்று மிச்சம். அவர்கள் கேட்டார்கள், சாலை இலாகா இடித்துக் கொடுத்தது. சோதனை முறையில் என்றார்கள். சரிவந்தால் நிரந்தர இணைப்பு.

சுவர் விழுந்த மறுநாள் காலையில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் போயின என்று நான் எண்ணவில்லை. எண்ணக்கூடிய விஷயமாக அது இல்லை. ஆலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர்கள், சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் கட்டிய பையன்கள். பிறகு காடிகள். பிறகு லோரிகள். ஆலைப் பேருந்துகளும் கண்டுபிடித்துவிட்டன. என் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் சந்திரிகாவின் பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன.

குடியிருப்பாளர் குழு ஒன்றை அமைத்தோம். தலைவர் நான். வேறு யாருக்கும் நேரமில்லை. கையெழுத்து வாங்கினோம், பதாகை கட்டினோம், எல்லாம் முறைப்படி. இலாகாவிலிருந்து ஷாஹிரா என்ற பெண் அதிகாரி வந்தார். இளம் பெண், மரியாதையானவர், தமிழ் முஸ்லிம் குடும்பம். என் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். கோப்பைகள் உரசுகிற சத்தத்தை அவரே கேட்டார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது அங்கிள். ஆனா எக்சிடன் ரிப்போர்ட் ஒண்ணுகூட இல்லியே லா. எதக் காட்டி நான் மேல பேசுறது?"

"எக்சிடன் ஆகறதுக்கு முன்னாடியே மூடுங்கன்னுதாம்மா கேக்குறோம்."

"அப்படிச் சொன்னா மேல எடுத்துக்க மாட்டாங்க அங்கிள். சிஸ்டம் அப்படி."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரிந்த உண்மை. நான் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். ஒரு அழுத்து இயந்திரத்துக்குத் தடுப்புக் கம்பி போடச் சொல்லி வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். செலவு என்றார்கள், உற்பத்தி குறையும் என்றார்கள். ஒருநாள் ஒப்பந்தத்தில் வந்த ஒரு பெண்ணின் மூன்று விரல்கள் அதில் போயின. அந்த வாரமே கம்பி வந்தது. மேலாளர் என் கையைக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். அதன்பின் அந்த இயந்திரத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணை நினைத்து வருத்தப்பட்டேன். ஆனால் அவள் விரல்கள் எத்தனை பேருடைய விரல்களைக் காப்பாற்றின என்றும் யோசித்திருக்கிறேன். அது என் வேலை, யோசிப்பது.

ஷாஹிரா போன பிறகும் அப்படித்தான் யோசித்தேன். விபத்து எப்படியும் நடக்கப்போகிறது. இன்று இல்லாவிட்டால் ஒரு மாதத்தில், ஒரு வருடத்தில். நடக்கிறவரை காத்திருந்தால் அது யாருக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம், கர்ப்பிணியாக இருக்கலாம். எப்படியும் நடக்கப்போவது, குறைந்த நஷ்டத்தோடு சீக்கிரம் நடந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது. முதலில் தெருப் பூனைகளை நினைத்தேன். பூனைக்காக யாரும் சாலையை மூடமாட்டார்கள். பிறகு என்னையே நினைத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், சார். ஆனால் நான் போய்விட்டால் குழுவை நடத்த ஆளில்லை.

எதிர்வீட்டுக் கார்த்திகேசு அண்ணனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்தது இறந்துபோன கார்த்திகேசு. நான் முப்பது வருடம் பார்த்தவர் வேறு. ஜெலுத்தோங்குக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் பேருந்து ஓட்டியவர். சந்திரிகா வேலைக்குப் போன காலத்தில், இவள் ஓடி வருகிறாள் என்று கண்ணாடியில் பார்த்தால் நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். மற்ற பயணிகள் முணுமுணுத்தால், "நம்ம தெருப் புள்ளைங்க, விட்டுட்டா போறது?" என்பாராம்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. பிள்ளைகள் இல்லை. மனைவி ரமணி அக்கா ஒருவர்தான் பார்த்துக்கொண்டார். சுவர் இருந்தவரை அது சமாளிக்கக்கூடிய நோயாக இருந்தது. வாசல் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், போகிற வருகிறவர்களுக்குக் கை அசைப்பார். சுவர் இடிந்ததும் ஆலைப் பேருந்துகள் வந்தன அல்லவா? கியர் மாறுகிற சத்தம் கேட்டவுடன் அண்ணன் எழுந்துவிடுவார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "ஷிப்ட்டுக்கு நேரமாச்சு" என்று தெருவில் இறங்கிவிடுவார். இரண்டு முறை நானே பிடித்துக் கூட்டிவந்தேன். அதன்பிறகு ரமணி அக்கா கேட்டில் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டார். மாற்றுச்சாவி ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"நான் பாசாருக்குப் போற நேரத்துல தீகீ பிடிச்சா யாரு தொறப்பா தம்பி? நீங்க ஒரு சாவி வச்சிக்குங்க. ஒங்கள விட்டா எனக்கு யாரு லா?"

வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் முதல் வாக்குமூலத்தில் இப்படிச் சொல்லியிருந்தேன்: நான் என் வாசலில் நின்றிருந்தேன், எதிர்வீட்டுக் கேட் திறந்து கிடந்தது, கார்த்திகேசு வெளியே வந்தார், அதிவேகமாக வந்த ஒரு மோட்டார் அவரை மோதியது. அதில் கேட் திறந்து கிடந்தது உண்மை. அவர் வெளியே வந்தது உண்மை. மோட்டார் அதிவேகமாக வரவில்லை. அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ரமணி அக்கா தினமும் சாயங்காலம் அண்ணனுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார். குளித்துவிட்டு வந்து சாமி விளக்கு ஏற்றுவார். அவர் குளியலறைச் சன்னல் தெருப்பக்கம் இருப்பதால் தண்ணீர் விழுகிற சத்தம் என் வாசல் வரை கேட்கும். ஆலை முடிந்து மோட்டார்கள் கூட்டமாக வருவதும் அந்த நேரத்தில்தான். அன்று வெள்ளிக்கிழமை. தண்ணீர் சத்தம் கேட்டது. நான் தெருவைக் கடந்து போய்ப் பூட்டைத் திறந்தேன். சங்கிலியைக் கீழே போடவில்லை, சத்தம் வரும். கேட் கம்பியில் தொங்கவிட்டேன், பூட்ட மறந்தவர்கள் விட்டுப்போவதுபோல.

அண்ணன் தேநீர்க் கோப்பையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். பெயர் நினைவில்லை, முகம் நினைவிருந்தது. நான் என் வாசலுக்குத் திரும்பிவந்து நின்றேன்.

அவர் கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தார். கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெருவோரத்தில் நின்று வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், மறுபடி வலப்பக்கம் பார்த்தார். காலமெல்லாம் வண்டி ஓட்டியவர் இல்லையா? பிறகு பார்த்ததை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். இறங்கி நடந்தார்.

இக்மல் என்கிற அந்தப் பையன் ஒரு காடியின் பின்னாலிருந்து வந்தான். அவனுக்கு அண்ணனைத் தெரிய வழியே இல்லை. பார்த்தவுடன் மோட்டாரைத் திருப்பினான். போதவில்லை. அண்ணனை இடித்துவிட்டு விளக்குக் கம்பத்தில் மோதி விழுந்தான். அவன் கால் மோட்டாருக்கு அடியில் இருந்தது. கால் அப்படிக் கிடக்கும்போதும், "தாத்தாவப் பாருங்க, தாத்தாவப் பாருங்க" என்றுதான் கத்திக்கொண்டிருந்தான்.

நான் பார்த்தேன். எனக்கு முதலுதவி தெரியும், அது என் தொழில். செய்யவேண்டியதையெல்லாம் செய்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ரமணி அக்கா ஈரத்தலையோடு ஓடிவந்தபோது அண்ணன் தலை என் மடியில் இருந்தது. மூச்சு நின்றிருந்தது.

ஒரு வாரத்தில் சாலையை மூடினார்கள். பெரிய பெரிய சிமெண்டுக் கட்டைகளை லோரியில் கொண்டுவந்து தெருக்கோடியில் இறக்கினார்கள். குழுக் கூட்டத்தில் எனக்குக் கை தட்டினார்கள். நான் எழுந்து, கைதட்டல் வேண்டாம், கார்த்திகேசு அண்ணனுக்காக ஒரு நிமிடம் நிற்போம் என்றேன். எல்லோரும் நின்றார்கள். சிலர் அழுதார்கள். நானும் அழுதேன், சார். அதை நடிப்பு என்று எழுதாதீர்கள்.

காரியம் முடிந்த மறுநாள் இக்மலின் அம்மா வந்தார். சித்தி ஹாஜரா என்று பெயர். தெருமுனையிலேயே நான் பார்த்துவிட்டேன். எதிர்வீட்டுக் கேட்டுக்குப் போய் வழியில் நின்றுகொண்டேன்.

"இப்ப வேணாம்மா. அவங்க இருக்கிற நெலமயில..."

"ஒரு வார்த்த பேசிட்டுப் போயிர்றேன் அண்ணே. மன்னிப்பு கேக்க வந்திருக்கேன்."

"மன்னிப்ப கோர்ட்டுல கேட்டுக்குங்க."

உள்ளேயிருந்த ரமணி அக்கா இதைக் கேட்டுவிட்டார். வெளியே வந்து அந்த அம்மாளைப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நானும் போனேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எம்மவன் வேகமா வர்ற புள்ள இல்ல யக்கா. அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன். ஆஸ்பத்திரியில கால்ல கம்பி வச்சிருக்காங்க. வலிக்குதான்னு கேட்டா, அந்தத் தாத்தா வீட்டுல என்னா சொன்னாங்கன்னு என்னயக் கேக்குறான்."

"அவன் மேல தப்பு இல்ல லா" என்றார் ரமணி அக்கா. "அவன அழவேணாம்னு சொல்லுங்க. நான்தான் கேட்டப் பூட்டாம விட்டுட்டேன்."

அப்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். வேகமாக வந்த மோட்டார் என்பதுதான் எங்கள் வழக்குக்கு ஆதாரம். இப்படி எல்லோரும் எல்லோரையும் மன்னித்துக்கொண்டிருந்தால் இலாகா நாளைக்கே கட்டைகளை எடுத்துவிடும்.

அந்த அம்மாள் போன பிறகு ரமணி அக்கா என்னிடம் கேட்டார்.

"தம்பி, நீங்க அன்னைக்கி வாசல்லதான நின்னீங்க? நான் பூட்டுனேனா இல்லியா, பாத்தீங்களா? பூட்டுனமாதிரிதான் இருக்கு எனக்கு. சாவிய இடுப்புல செருகுனது நெனப்பிருக்கு. ஆனா எப்படித் தொறந்துச்சு?"

"விடுங்க அக்கா. மறதி யாருக்கும் வரும்."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் அவரோட நோயி வந்துருச்சு போல" என்றார்.

அன்றிலிருந்து ரமணி அக்கா பூட்டைச் சரிபார்க்க ஆரம்பித்தார். வீட்டில் காக்க ஆளில்லை, இருந்தாலும் வந்து சங்கிலியை இழுத்துப் பார்ப்பார், பூட்டை ஆட்டிப் பார்ப்பார், உள்ளே போவார், மறுபடி வருவார். நாள் முழுக்க அந்தச் சத்தம். சமைப்பது நின்றுபோனது. நான்தான் பாசாரிலிருந்து ஏதாவது வாங்கிவந்து கொடுப்பேன். சங்கிலிக்குப் பதில் துணிக்கயிறு கட்டலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது காதில் விழவில்லை. மற்றபடி தெரு பழையபடி ஆகிவிட்டது. கோப்பைகள் அசையவில்லை. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கினேன்.

இக்மலைப் பற்றி நான் நினைக்காமல் இல்லை. அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்ததாக அவன் மேல் வழக்கு. ஆலையில் வேலை போய்விட்டது. இளைஞன், காலம் இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கில் நான்தான் முக்கிய சாட்சி. என்னைக் கூப்பிட்டால் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லத் தயாராகவே இருந்தேன்.

போன மாதம் ஷாஹிரா மறுபடி வந்தார். கையில் சுருட்டிய வரைபடம். என் மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் சந்திரிகாவின் கோப்பைகளை வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி இருந்தது.

"அங்கிள், உங்க போராட்டம் வீண் போகல. ஸ்டடி முடிஞ்சிருச்சு. எக்சிடனுக்குக் காரணம் ரோட்டோட அகலம் போதாததுன்னு எழுதியிருக்காங்க. நடபாத இல்ல, ஒதுங்க எடம் இல்ல. அதனால ரோட்ட அகலமாக்கி, நடபாத போட்டு, பெரிய ரோட்டோட நெரந்தரமா சேக்கப் போறாங்க."

"அகலமாக்க எடம்?"

அவர் வரைபடத்தில் விரல் வைத்தார். என் வரிசை வீடுகளுக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு போனது.

"நல்ல நஷ்டஈடு கொடுப்பாங்க அங்கிள். அந்த ஒரு எக்சிடன் ரிப்போர்ட் இல்லன்னா இதுக்கு அப்ரூவலே கெடச்சிருக்காது."

எதிர்வீட்டு வரிசை தப்பித்துவிட்டது. ஆனாலும் கருத்துக் கேட்க ரமணி அக்காவையும் அழைத்திருந்தார்கள். நான் குழு சார்பாக எழுதிய ஆட்சேபத்தில் அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சாந்தமாகத்தான் சொன்னார்.

"ரோடு பெருசானா நல்லதுதான தம்பி? நடக்க தனி எடம் போடுவாங்களாம். முன்னயே இருந்திருந்தா இவரு அதுல நடந்து போயிருப்பாரு."

நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அகலமான சாலையில் வேகம் கூடும், விபத்து கூடும், இதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. அவர் எழுந்து பூட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன்பிறகு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தவறான காரணத்தின் மேல் கட்டிய திட்டம் அது. ஒரு பாதுகாப்பு அதிகாரியாக என்னால் அதை அப்படியே விடமுடியவில்லை. விபத்துக்குக் காரணம் தப்பாக எழுதப்பட்டால் தீர்வும் தப்பாகத்தான் வரும்.

இன்னும் ஒன்றை நான் சொல்லவில்லை. சொன்னால்தான் கணக்கு நேராகும். பூட்டைத் திறந்துவிட்டு நான் திரும்பிவந்து நின்றபோது அண்ணன் எழுந்திருக்கவில்லை. அன்று அவர் நல்ல நிதானத்தில் இருந்தார். ஆலைப் பேருந்து ஒன்று போயிற்று, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் நின்றுவிடும்போல இருந்தது. நான் மறுபடி தெருவைக் கடந்து போனேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, பஸ்ஸு வந்து நிக்குது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா?" என்றார்.

"ஆமாண்ணே. சந்திரிகா ஓடி வர்றா. நீங்க போனாத்தான் அவள ஏத்திக்க முடியும்."

அந்தப் பெயர் அவருக்கு மறக்கவில்லை. உடனே எழுந்துவிட்டார்.

ஆகவே இன்ஸ்பெக்டர் சார், இக்மல் வேகமாக வரவில்லை. ரமணி கேட்டைப் பூட்டினார். பூட்டைத் திறந்தவன் நான், அவரை எழுப்பி அனுப்பியவன் நான், அவர் தெருவில் இறங்கும்போது கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வாயைத் திறக்காமல் நின்றவனும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. தண்டனை என்னவோ அதைக் கொடுங்கள். ரமணி அக்காவிடம் இதை யார் சொல்வது என்று கேட்டீர்கள். அது உங்கள் இலாகாவின் வேலை, எனக்கு அதில் கருத்தில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த மரணத்துக்குச் சாலையின் அகலம் காரணம் இல்லை என்று ஒரு வரி தெளிவாக எழுதி, நகலைத் திட்ட அலுவலகத்துக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். ஆட்சேபம் தெரிவிக்க வெள்ளிக்கிழமை வரைதான் அவகாசம் இருக்கிறது.